ஆறாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும்: தப்பு விடையிலிருந்து தொடங்குவது எப்படி

ஆறாம் வகுப்புக்குள் போய் "ஆயிரத்து ஐந்து, எண்ணால் எழுதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஒவ்வொரு ஜூனும் சொல்கிறேன், ஒவ்வொரு ஜூனும் நாலைந்து பேராவது 10005 என்று எழுதி நீட்டுகிறார்கள். முதல் இரண்டு வருஷம் சிவப்பு மையில் இன்ட்டு போட்டுவிட்டு, "இதுகூடத் தெரியலையா, அஞ்சாம் வகுப்புல என்னதான் படிச்சீங்க" என்று கத்தினேன். அப்புறம் ஒரு நாள் ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து "எப்படிடா எழுதினே, சொல்லு" என்று கேட்டபோதுதான் புரிந்தது. ஆயிரம் என்று காதில் விழுந்ததும் 1000 எழுதியிருக்கிறான், ஐந்து என்று விழுந்ததும் அதை ஒட்டி 5 எழுதியிருக்கிறான். கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதினான், அவ்வளவுதான். இடமதிப்பை அவனுக்கு யாரும் சொல்லாமல் இல்லை, ஐந்து வருஷமாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அவன் மனதில் ஓடுகிற கணக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாவுக்கும் பாதிக்கு மேல் பயன்படும். செலவென்று பார்த்தால் நூல், மெழுகுவர்த்தி, சார்ட் பேப்பர், கொஞ்சம் புளியங்கொட்டை. ஸ்மார்ட் போர்டு இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் ஒன்றும் நின்றுபோகாது.

முதல் வாரம்: ஐந்து கேள்வி, மதிப்பெண் கிடையாது

பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் அரைத்தாளில் ஐந்து கேள்வி கொடுங்கள். பெயர் எழுதட்டும், ஆனால் மதிப்பெண் போடப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து தாளைப் பார்த்து எழுதிவிடுவார்கள், நமக்கு வேண்டியது கிடைக்காது.

1. ஆயிரத்து ஐந்து, எண்ணால் எழுது.
2. 52 − 27
3. 8 + 4 = ☐ + 5. கட்டத்துக்குள் என்ன வரும்?
4. 0.6, 0.45 இரண்டில் எது பெரியது?
5. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? (1/2 + 1/3 என்றே எழுதிப்போடுங்கள்.)

தாள்களை வாங்கியதும் நம் கை தானாகப் பேனாவைத் தேடும். வேண்டாம். தரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கேள்வியை எடுத்து, ஒரே விடை எழுதிய தாள்களை ஒரே குவியலாக அடுக்குங்கள். இரண்டாவது கேள்விக்கு 25 எழுதியவர்கள் ஒரு குவியல், 35 எழுதியவர்கள் ஒரு குவியல், 79 எழுதியவர்கள் ஒரு குவியல். தப்பு விடைகள் ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டு மூன்று குவியல்தான் வரும், ஒவ்வொரு குவியலுக்கும் பின்னால் ஒரே யோசனை இருக்கும். முப்பது பிள்ளைக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியாது, மூன்று குவியலுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.

தொடக்க வகுப்புகளில் 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே யோசனைதான். ஒரு வித்தியாசம், இங்கே ஒரு பிள்ளை ஒரு குவியலிலேயே வருஷம் முழுக்க இருக்காது. கழித்தலில் தடுமாறுகிற பெண் பின்னத்தில் வகுப்புக்கே முதலாவதாக இருப்பாள். "மெல்லக் கற்போர்" என்று ஒரு பட்டியல் போட்டு அதிலேயே அவளை மார்ச் வரை உட்காரவைப்பது எனக்கு எப்போதுமே உடன்பாடில்லாத விஷயம்.

குவியல்களுக்குப் பின்னால் இருப்பது

52 − 27 = 35. இது நாம் கொடுத்த வியாதி. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் "பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி" என்று சொல்லி வைத்திருக்கிறோம். பிள்ளை அதை நம்பி, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போட்டுவிட்டது. இங்கே "கடன் வாங்கு" என்று மறுபடி மறுபடி கத்துவதில் பலனில்லை, யார் யாரிடம் ஏன் கடன் வாங்குகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஐந்து பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய்க் காசு (தாளில் வெட்டியதே போதும்) கையில் கொடுத்து, "எனக்கு 27 ரூபாய் கொடு" என்று கேளுங்கள். பத்து ரூபாயை மாற்றினால்தான் கொடுக்க முடியும் என்று அதுவே சொல்லும். அதற்குப் பிறகு நான் "கடன்" என்ற சொல்லையே விட்டுவிட்டேன். எங்கள் வகுப்பில் "சில்லறை மாத்து" என்பதுதான் சொல்.

மூன்றாவது கேள்விக்கு 12 என்றும் 17 என்றும் வரும். 12 எழுதிய பிள்ளைக்குச் சமக்குறி என்றால் "விடையை எழுது" என்று பொருள். 17 எழுதியது கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கூட்டிவிட்டது. விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஏழாம் வகுப்பில் x + 3 = 10 வரும்போது இந்தப் பிள்ளைகள்தான் "அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகும்" என்பதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து, எது எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாமல் தவிக்கின்றன. ஒரு துணி ஹேங்கர், இரண்டு கொட்டாங்குச்சி, நூல் இருந்தால் தராசு தயார். புளியங்கொட்டைகள் ஒரே அளவாக இருக்கிறதா என்று மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள். இந்தத் தட்டில் எட்டும் நாலும், அந்தத் தட்டில் ஐந்து, இன்னும் எத்தனை போட்டால் சமமாக நிற்கும்? ஒரு பீரியடில் முடிந்துவிடும். சமக்குறியை "சமம்" என்று படிக்காமல் "இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவு" என்று ஒரு மாதம் முழுநீளமாகப் படிக்கவையுங்கள், அலுக்க அலுக்க.

0.45 பெரியது என்பவர்களுக்கு நாற்பத்தைந்து ஆறைவிடப் பெரியது. இதற்குப் பாதிக் காரணம் நாம் படிக்கிற விதம், "பூஜ்யம் புள்ளி நாற்பத்தைந்து" என்று படித்துவிடுகிறோம். "பூஜ்யம் புள்ளி நான்கு ஐந்து" என்று படியுங்கள். மீதிக் காரணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. கிரிக்கெட் பைத்தியமான ஒருவன்தான் காட்டிக்கொடுத்தான், அவன் 4.5-க்கு அடுத்து 5 என்று எழுதியிருந்தான், கேட்டால் "ஆறு பால் போட்டா ஓவர் முடிஞ்சிடுமே டீச்சர்" என்கிறான். ஸ்கோர் போர்டில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது பத்தில் பங்கு கிடையாது, பந்து எண்ணிக்கை. அந்தப் புள்ளியும் நம் புள்ளியும் பார்க்க ஒன்றுபோல இருக்கிற வேறு வேறு ஆட்கள் என்று அன்றைக்கு ஒரு பீரியட் முழுக்கப் பேசினோம். திருத்துவதற்கு மீட்டர் ஸ்கேல் போதும். 0.6 மீட்டரில் ஒரு கோடு, 0.45 மீட்டரில் ஒரு கோடு, தரையில் போட்டுப் பார்த்தால் 60 சென்டிமீட்டரும் 45 சென்டிமீட்டரும் கண்முன்னால் இருக்கும்.

பின்னம்தான் பெரிய குவியல். 1/2 + 1/3 = 2/5 என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதுவார்கள், மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே. மீ.சி.ம. கண்டுபிடி, குறுக்கே பெருக்கு என்று முறையைச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த வாரம் சரியாகப் போடுவார்கள், அதற்கு அடுத்த மாதம் பழையபடி 2/5. நான் செய்கிறது இது: 12 சென்டிமீட்டர் நீளத்தில் காகிதப் பட்டைகள், ஆளுக்கு மூன்று. ஒன்றைப் பாதியாக மடி, ஒன்றை மூன்றாக மடி, ஒன்று அப்படியே இருக்கட்டும். பாதியையும் மூன்றில் ஒன்றையும் ஒட்டி வைத்து முழுப்பட்டை மேல் வை. 10 சென்டிமீட்டர் வருகிறது. அதாவது பன்னிரண்டில் பத்து. 2/5 என்றால் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவாக வந்திருக்க வேண்டும், பாதியே ஆறு சென்டிமீட்டர், பாதியோடு ஒன்றைச் சேர்த்தால் எப்படிப் பாதியைவிடக் குறையும்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு இதுதான் கஷ்டம்.

இன்னொன்று. வகுப்பில் நாம் எல்லோருமே "ஒன் பை த்ரீ" என்றுதான் சொல்கிறோம். "மூன்றில் ஒன்று" என்று தமிழில் சொன்னாலே பாதி பாடம் முடிந்தது, மூன்றாகப் பங்கு போட்டு அதில் ஒன்றை எடு என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பின்னங்களைப் பெருக்குவதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. அரைக்கால் என்றால் என்ன? காலில் அரை, 1/2 × 1/4, எட்டில் ஒன்று. அதில் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று, வீசம் என்றும் சொல்வார்கள். பெருக்கினால் ஏன் சின்னதாகிறது என்று பிள்ளை குழம்பும் இடத்தில் "அரைக்கால் காலைவிடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் முந்திரி, காணி, மா எல்லாம் கேட்டு வரச் சொல்லலாம். முந்திரி என்றால் 320-ல் ஒன்று, நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா. முந்திரிப்பருப்பு என்று நினைத்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அறிவியல்: முதலில் கை தூக்கு, அப்புறம் செய்து பார்

கணக்கில் தப்பைப் பார்க்கத் தாள் இருக்கிறது. அறிவியலில் பிள்ளையின் மனதில் என்ன இருக்கிறது என்று தாளில் தெரியாது, ஏனென்றால் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதிவிடும். அதனால் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். எந்தச் சோதனையையும் செய்துகாட்டுவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும், பிறகு கை தூக்க வேண்டும், எண்ணிக்கையை நான் கரும்பலகையில் எழுதுவேன். எழுதாமல் பார்த்தால் "இதான் எனக்கு அப்பவே தெரியுமே" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எழுதிவிட்டால் தப்பிக்க முடியாது.

ஊசல் நல்ல தொடக்கம். ஒரு மீட்டர் நூல், கீழே ஒரு நட்டு. பத்து முறை போய் வர எவ்வளவு நேரம்? ஏறக்குறைய 20 விநாடி. இப்போது நட்டை எடுத்துவிட்டு நல்ல கனமான கல்லைக் கட்டினால்? வேகமாக ஆடும் என்று பெரும்பாலான கைகள் மேலே போகும், ஒன்றிரண்டு கை "மெதுவா" பக்கம் போகும், "மாறாது" பக்கம் ஒருவரும் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் கூச்சத்தோடு இருப்பார்கள். செய்து பார்த்தால் அதே 20. (நூல் நீளத்தை கல்லின் நடு வரை அளக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெரிய கல்லில் ஒரு விநாடி கூடிப்போய் நம் மானம் போகும்.) அடுத்து நூலைப் பாதியாக்கினால் நேரமும் பாதியாகி 10 விநாடி ஆகுமா? வகுப்பே ஆமாம் என்னும். 14 வரும். அந்த இடத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். "அப்ப எவ்வளவு நீளம் வச்சா பத்து விநாடி வரும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நூலைக் கொடுத்துவிடுங்கள். வெட்டி வெட்டி 25 சென்டிமீட்டருக்கு வந்து சேர்வார்கள். வர்க்கம், வர்க்கமூலம் ஏன் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியவில்லை.

மெழுகுவர்த்தி சோதனை எல்லோருக்கும் தெரியும். தட்டில் தண்ணீர், நடுவில் எரிகிற மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்ஸிஜன் ஐந்தில் ஒரு பங்கு, அது தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது என்று நான் படித்த காலத்தில் எழுதினேன், முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விட்டு உற்றுப் பாருங்கள். கவிழ்க்கும்போது ஓரத்தில் குமிழி வெளியே போகும், சூடான காற்று விரிந்து தப்பிக்கிறது. எரிகிற வரை தண்ணீர் அதிகம் ஏறாது. அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறும், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குவதால். ஆக்ஸிஜன் தீர்வதுதான் முழுக் காரணமென்றால் எரியும்போதே சீராக ஏறியிருக்க வேண்டும். ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்தால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும், டம்ளருக்குள் இருந்த ஆக்ஸிஜன் அதேதானே? எட்டாம் வகுப்பில் இதைச் செய்தபோது ஒரு பெண் எழுந்து, "அப்ப நாம படிச்சது தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆனது.

மூன்றாவதாக ஒரு கேள்வி மட்டும், சோதனை இல்லை. வேப்பமரம் இவ்வளவு எடை வைத்திருக்கிறதே, அந்த எடை எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்பார்கள், உரம் என்பார்கள். வான் ஹெல்மாண்ட் என்ற பெல்ஜியத்துக்காரரின் கதையைச் சொல்லுங்கள். தொட்டியில் மண்ணை எடைபோட்டு வைத்து, வில்லோ என்ற மரத்தின் கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாக இருந்த கன்று எழுபத்தைந்து கிலோவைத் தாண்டியது, மண் குறைந்தது அறுபது கிராம்கூட இல்லை. 1648-ல் அச்சான விஷயம் இது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார், அவருடைய முடிவும் தப்பு, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பெரிய விஞ்ஞானியே குவியலில் ஒருவர் என்று தெரிந்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

சோதனை சொதப்பினால்? சொதப்பும். மழைக்காலத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்கவைக்கப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது, காற்றில் இருக்கும் ஈரம் மின்னூட்டத்தைத் தங்கவிடாது. அதையே கேள்வியாக்கிவிடுங்கள், ஜனவரியில் மறுபடி செய்யுங்கள். 2022 நவம்பரில் ஆரம்பித்த வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டத்தின் கருத்தாளர்கள் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பெட்டியோடு வந்து செய்துகாட்டுகிறார்களே, அன்றைக்கும் இந்த ஒரு வரி எழுதுகிற பழக்கத்தை விடாதீர்கள், இல்லையென்றால் மேஜிக் ஷோ பார்த்தது போல் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கருவி யார் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். குழுவாகப் பிரித்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் பையன்கள் கையில் நூலும் கல்லும், பெண் பிள்ளைகள் கையில் நோட்டும் பேனாவும் போய்ச் சேர்ந்திருக்கும், "அவங்க எழுத்து நல்லா இருக்கும் டீச்சர்" என்று காரணமும் வரும். விசில் அடித்து மாற்றிவிடுவேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை.

நிழல்: ஒரு குச்சி, ஒரு வருஷம்

கணக்கு, அறிவியல், புவியியல் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டுமென்றால் இதைவிட மலிவான வழி இல்லை. மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்து நேராக நிற்கிறதா என்று பாருங்கள் (வகுப்பில் யாராவது ஒருவர் வீட்டில் கட்டாயம் இருக்கும்). பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு ஆணி. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

முதலில் கை தூக்கல். எத்தனை மணிக்கு நிழல் மிகச் சின்னதாக இருக்கும்? சரியாகப் பன்னிரண்டுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, தமிழ்நாடு முழுக்க அதற்கு மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். திண்டுக்கல் ஏறக்குறைய 78 டிகிரி, வித்தியாசம் நாலரை, ஆக 18 நிமிஷம் தாமதம். ஏழாம் வகுப்புப் பிள்ளையால் போட முடிகிற கணக்கு. மைதானத்தில் பார்த்தால் அதிலும் சில நிமிஷம் முன்பின்னாக இருக்கும், பூமி சூரியனைச் சுற்றும் பாதையும் அச்சின் சாய்வும் செய்கிற வேலை அது. நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டை ஒட்டியே வந்துவிடும், பிப்ரவரியில் பன்னிரண்டரையைத் தொடும்.

அடுத்து, நண்பகல் நிழல் எந்தத் திசையில் விழும்? வடக்கே என்று புத்தகம் சொல்லும். மே, ஜூன், ஜூலையில் நம் ஊரில் தெற்கே விழும், சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. நடுவில் வருஷத்துக்கு இரண்டு நாள் நிழலே காலடியில் மறையும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில். மற்ற ஊர்களுக்கு இடைப்பட்ட நாட்கள், உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துப் பிள்ளைகளையே கணிக்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் தேர்வு ஓடும், ஆகஸ்டுதான் வசதி. திண்டுக்கல்லில் செப்டம்பர் 23 அன்று ஒரு மீட்டர் குச்சிக்கு 18 சென்டிமீட்டர் நிழல் விழ வேண்டும், டிசம்பர் 22 அன்று 67. வெள்ளிக்கிழமைதோறும் அளந்து வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் மார்ச்சில் ஒரு அழகான வளைகோடு கிடைக்கும். எங்கள் பள்ளியில் அந்தத் தாள் தலைமையாசிரியர் அறையில் தொங்குகிறது, இரண்டு மழை வெள்ளிக்கிழமைகளில் புள்ளி இல்லை, அந்த இடைவெளியையும் அப்படியே விட்டிருக்கிறோம்.

சொல் பண்ணுகிற குழப்பம்

அறிவியல் சொற்கள் பல வீட்டுச் சொற்களாகவே இருப்பது தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வசதி, அதுவே வினையும்கூட. வெப்பம் வேறு வெப்பநிலை வேறு, எடை வேறு நிறை வேறு என்றால் "கடையில ரெண்டும் ஒண்ணுதானே" என்பார்கள். எனக்கு மறக்காதது "வேலை". சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு சமதளத்தில் நடந்தால் அந்தச் சுமையின் மேல் செய்யப்பட்ட வேலை சுழி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்தான். "எங்கம்மா சித்தாள் டீச்சர். அப்ப நாள் முழுக்க அவங்க வேலையே செய்யலையா?"

புத்தகத்தில் இருப்பதைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு அவன் அம்மாவுக்குக் கணக்குப் போட்டோம். ஒரு நடைக்கு எட்டுச் செங்கல், ஒன்று மூன்று கிலோ என்று வைத்தால் 24 கிலோ, சுமார் 240 நியூட்டன். சாரம் மூன்று மீட்டர் உயரம். மேலே ஏறும்போது செங்கல் மேல் மட்டும் 720 ஜூல். அவனே மறுபடி எழுந்து, "அவங்க உடம்பையும் தூக்கிட்டுத்தானே ஏறணும்?" என்றான். ஐம்பது கிலோ என்றால் இன்னொரு 1500. மொத்தம் 2220 ஜூல், ஒரு நடைக்கு. சமதளத்தில் நடக்கும்போதும் தசை ஆற்றலைச் செலவழிக்கிறது, அதனால்தான் வலிக்கிறது, ஆனால் இயற்பியல் "வேலை" என்ற சொல்லை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு ரொம்பக் குறுகலான ஒரு பொருளில் வைத்திருக்கிறது என்று சொன்னேன். இப்படிப்பட்ட சொற்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள், வீட்டில் என்ன பொருள், பாடத்தில் என்ன பொருள் என்று. தேர்வில் வராது, இருந்தாலும் எழுதட்டும்.

போர்ஷன், தேர்வு, மற்ற தலைவலிகள்

"இதெல்லாம் செய்தா போர்ஷன் எப்ப முடிக்கிறது?" நியாயமான கேள்விதான், எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில்) பதிவேற்றுவதற்கும் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் போக மிச்சமிருக்கிற பீரியடுகளை நானும்தான் எண்ணுகிறேன். தினமும் கணக்குப் பீரியடில் முதல் பத்து நிமிஷம் குவியல் வேலைக்கு, மீதி பாடத்துக்கு. சோதனை வாரத்துக்கு ஒன்றுதான், அதற்கு மேல் எனக்கு முடிவதில்லை. ஆகஸ்ட் வரை பின்தங்குவீர்கள், அப்புறம் ஒரே கணக்கை நாலு முறை நடத்துகிற நேரம் மிச்சமாகும்.

வடிவியலுக்கு ஈர்க்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வாங்கி வையுங்கள். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் செய்துபார்த்துக் கற்கும் அறிவியல் திட்டம் ஒன்று ஆரம்பமானது, அங்கே 1978-ல் போய்ச் சேர்ந்த அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் வால்வு டியூபையும் வைத்துச் செய்த பொம்மைகள்தான் இன்று எல்லா ஊரிலும் சுற்றுகின்றன. முக்கோணம் அசையாது, சதுரம் சாயும், சதுரத்துக்கு ஒரு மூலைவிட்டம் கொடுத்தால் நின்றுவிடும். செய்ய இருபது நிமிஷம். வெளியே மின்கோபுரத்தைக் காட்டினால் மீதியை அவர்களே சொல்வார்கள். அதே ஹோஷங்காபாத் திட்டத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேர்வு எழுதினார்கள். நம்மால் அது முடியாது, ஆனால் வகுப்புத் தேர்வில் புத்தகத்திலோ கைடிலோ இல்லாத ஒரு கேள்வி வைக்கலாம், ஒன்றே ஒன்று. முதல் தடவை எல்லோரும் விட்டுவிடுவார்கள். தப்பாக எழுதினாலும் காரணம் எழுதியிருந்தால் பாதி மதிப்பெண் என்று அறிவித்துவிடுங்கள், மூன்றாவது தேர்வில் பேனா ஓட ஆரம்பிக்கும்.

நிகழ்தகவுக்குத் தாயக்கட்டை இருக்கும்போது காசு சுண்டிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் பதினாறு விதமாக விழலாம், அதில் தாயம் (மொத்தம் ஒன்று) விழுவது இரண்டு விதம், மொத்தம் மூன்று விழுவது நாலு விதம், பன்னிரண்டு (இரண்டும் வெறுமை) ஒரே ஒரு விதம். தாயம் போடாமல் காய் இறங்காது என்று விதி வைத்தவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன். "எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு சேர்த்து "எது தப்பாச்சு, எப்படி யோசிச்சே?" என்றும் கேளுங்கள், கேட்டுவிட்டுத் திட்டாமல் இருங்கள். திட்டினால் அடுத்த முறை சொல்லாது.

மார்ச்சில் அதே ஐந்து கேள்வியை அதே அரைத்தாளில் மறுபடி கொடுத்து, ஜூன் தாளைப் பக்கத்தில் வைத்துக் குவியல் அடுக்குங்கள். 35 குவியல் ஏறக்குறையக் காணாமல் போயிருக்கும். 2/5 குவியலில் ஐந்தாறு பேர் மிச்சமிருப்பார்கள், எனக்கு எல்லா வருஷமும் இருக்கிறார்கள். அந்தத் தாள்களை மட்டும் தனியாக ஒரு கவரில் போட்டு, ஜூனில் ஏழாம் வகுப்பு எடுக்கப்போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள், எந்தப் பட்டையை மடித்துக் காட்டினீர்கள் என்பதையும் கவர் மேலேயே எழுதி.